ஏழு டம்ளர் மிதம்

எடை அளவைத் துறைக்குச் சொற்கள் என்றால் ஆகாது, எண்கள் என்றால் உயிர். கடைக்காரர் யாராவது "கொஞ்சம்" என்றால் துறையின் நெற்றி சுருங்கும். "ஏறக்குறைய" என்றால் அபராதச் சீட்டு கைக்கு வந்துவிடும். அப்படிப்பட்ட துறையின் கண்ணில்தான், யாருடைய கெட்ட நேரமோ, அந்தப் பாட்டில் பட்டுத் தொலைத்தது.

பாட்டிலில் இருந்தது புளிக்க வைத்த டீ. சர்க்கரை போட்ட டீயைக் கண்ணாடிச் சாடியில் ஊற்றி, துணியால் வாயைக் கட்டி, மேலே வழவழவென்று ஓர் ஆடை படரும்வரை விட்டுவைத்தால் கிடைக்கிற பானம். நாகரிகமாகச் சொல்கிறவர்கள் கொம்புச்சா என்பார்கள். குடலுக்கு நல்லது, தோலுக்கு நல்லது, முடி கொட்டாது, முன்கோபம் வராது என்று ஊரே அப்போது அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. தயாரித்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் மனசாட்சி மிச்சம் இருந்திருக்கிறது. பாட்டிலின் முதுகில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும்படியான எழுத்தில், "புளிப்பு மிகுந்தது. மிதமாகக் குடிக்கவும்" என்று அச்சடித்திருந்தார்கள்.

"மிதமாகன்னா எவ்வளவு?" என்று கேட்டார் துறையின் இயக்குநர்.

கேட்டது அதிகாரிகள் கூட்டத்தில். எல்லாரும் கோப்புகளைப் புரட்டினார்கள். துணை இயக்குநர் மட்டும், மௌனம் தன்மேல் விழுந்துவிடுமோ என்ற பயத்தில், "அது வந்து சார்… ஆளைப் பொறுத்து…" என்று இழுத்தார்.

"ஆளைப் பொறுத்தா? கிலோ ஆளைப் பொறுத்து மாறுமாய்யா? மீட்டர் ஆளைப் பார்த்து நீளுமா? இத்தனை வருஷமா இந்தத் துறையில இருக்கேன். எது மிதம்னு எனக்கு ஒரு நாளும் தெரிஞ்சதே இல்ல. எனக்கே தெரியாத விஷயம் பொதுமக்களுக்கு எப்படி சார் தெரியும்? அவங்க கையில அதை விடலாமா?"

பலத்த கைதட்டல். ஒருவர் மேஜையைக்கூடத் தட்டினார். கிலோவுக்கு ஒரு கல் இருக்கிறது, மீட்டருக்கு ஒரு கம்பி இருக்கிறது. மிதத்துக்கு ஒரு மனிதர் வேண்டும் என்று அங்கேயே தீர்மானமாயிற்று. அந்த மனிதர் குடித்துக் காட்டுகிற அளவு நாட்டுக்கே மிதம். அவருக்குப் பதவிப் பெயர்: மாதிரி மனிதர்.

மறுநாளிலிருந்து அலுவலகத்தில் எல்லாரையும் நிறுத்தி வைத்து அளந்தார்கள். உயரம், எடை, இடுப்பு, கழுத்து, கடைசியில் கொட்டாவி விடும்போது வாய் திறக்கிற அகலம்கூட. அதிகாரிகளை மட்டும் மரியாதை கருதி அளக்கவில்லை. அளந்தவர்களில் எல்லாக் கணக்கிலும் நட்ட நடுவில் வந்து நின்றார் கீழ்த்தளத்து முத்திரைக்காரர்.

அவருடைய வேலை, கடைகளிலிருந்து வரும் எடைக்கற்களைத் தராசில் வைத்துச் சரிபார்த்து முத்திரை குத்துவது. கடையில் தொங்குகிற சட்டையை எடுத்து அப்படியே போட்டுக்கொண்டு வரலாம், தைத்துச் சின்னதாக்க வேண்டாம், பிரித்துப் பெரிதாக்க வேண்டாம். அப்படி ஓர் உடம்பு. யார் என்ன சொன்னாலும் "சரிங்க சார்" என்பதால் அலுவலகத்தில் அவருக்கு அதுவே பட்டப்பெயர். ஒருமுறை லிப்ட் பாதி வழியில் நின்று அவர் உள்ளே மாட்டிக்கொண்டபோது, வெளியிலிருந்து காவலாளி "கொஞ்சம் இருங்க, சாப்பிட்டுட்டு வந்து திறக்கிறேன்" என்றதற்கும் "சரிங்க சார்" என்றவர்.

"இவர் இதுவரைக்கும் ஒரு புகாரும் கொடுத்ததில்ல சார்" என்றார் துணை இயக்குநர்.

"அப்ப இவர்தான்" என்றார் இயக்குநர். "புகார் சொல்ற பொருள் மாதிரியா இருக்கவே முடியாது. நம்ம கிலோ ஒரு நாளாவது வாயைத் திறந்திருக்கா?"

முத்திரைக்காரர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். மனைவிக்கு அச்சகத்தில் புத்தகம் கட்டுகிற வேலை. கையில் பசை வாசனையும் மனசில் அச்செழுத்தின்மேல் பெரும் மரியாதையும் உள்ளவர்.

"மாதிரின்னா? பதவி உயர்வா?"

"உயரத்துலதான் உட்கார வைக்கிறாங்க. மேல்மாடி."

"சம்பளம்?"

"அதே."

"அப்ப உயர்வு இல்ல, ஏத்தம்" என்றார் மனைவி. "சரி, படியேறிப் போறதும் உடம்புக்கு நல்லதுதான்."

மேல்மாடியில் இருந்தது மாதிரி அறை. வெயில் படாத, தூசி நுழையாத, எப்போதும் ஒரே குளிரில் வைத்திருக்கிற அறை. கண்ணாடிக் கூண்டுக்குள் ஆதாரக் கிலோ. பட்டுத் துணியில் ஆதார மீட்டர். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு முத்திரைக்காரரை உட்கார வைத்தார்கள். அவருக்கும் கூண்டு செய்யலாம் என்றுதான் முதலில் பேச்சு. மூச்சு விடுவார் என்று யாரோ நினைவுபடுத்தியதால் அது கைவிடப்பட்டது.

அறையின் விதிகள் மூவருக்கும் பொது. வெறும் கையால் தொடக் கூடாது. துணை இயக்குநர் தினமும் காலையில் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு வந்து, மென்மையான பிரஷ்ஷால் முதலில் கிலோவை, பிறகு மீட்டரை, பிறகு முத்திரைக்காரரைத் தூசி தட்டுவார்.

"காதுப் பக்கம் கூசுதுங்க சார்."

"மாதிரிக்குக் கூச்சம் கூடாது. அசையாம இரு. தூசி படிஞ்சா எடை ஏறிரும்."

எடை ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. மதியச் சாப்பாட்டை எடை போட்டு உள்ளே அனுப்பினார்கள். முடி வெட்டிக்கொள்ள விண்ணப்பித்தபோது பெரிய விவாதம் நடந்தது. வெட்டிய முடியை உறையில் போட்டு அவர் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், அப்படிச் செய்தால் மொத்த எடை மாறாது என்ற நிபந்தனையின்பேரில் அனுமதி கிடைத்தது. முத்திரைக்காரர் தன் தலைமுடியைத் தானே சுமந்துகொண்டு நாட்டுக்குச் சேவை செய்தார்.

அளவெடுக்கும் நாள் வந்தது. விதிமுறை எளிமையானதுதான். பானத்தை டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுக்க வேண்டும். மாதிரி மனிதர் "போதும்" என்று சொன்னவுடன் ஊற்றுவதை நிறுத்த வேண்டும். அதுவரை உள்ளே போனது எவ்வளவோ அதுவே ஒரு மிதம். இதில் குற்றம் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. அளவெடுக்கும்போது ஆதாரப் பொருள்களைத் துறைத் தலைவர் தவிர வேறு யாரும் கையாளக் கூடாது என்று பழைய விதி ஒன்று இருந்ததால், ஊற்றுகிற பொறுப்பு இயக்குநரிடம் வந்து சேர்ந்தது. அவ்வளவுதான் நடந்தது.

இயக்குநர் கண்ணாடி ஜக்கைத் தூக்கினார். அதிகாரிகள் சுவரோரமாக நின்றார்கள்.

முதல் டம்ளர் உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஜில்லென்று, சுருக்கென்று, மூக்கில் ஏறுகிற ஒரு புளிப்பு. முத்திரைக்காரர் ரசித்துத்தான் குடித்தார். இரண்டாவது டம்ளரின் பாதியில் அவருக்கே, இது போதும் என்று தோன்றிவிட்டது. சொல்லலாம் என்று நிமிர்ந்தார்.

இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். "மக்களுக்கு எது போதும்னு முடிவு பண்றது சாதாரண விஷயமா? நான் எத்தனை ராத்திரி தூங்காம…"

மேலதிகாரியின் வாக்கியத்துக்கு நடுவில் எப்படி நுழைவது? வாக்கியம் முடியட்டும் என்று காத்திருந்தார். அந்த வாக்கியம் முடிவதற்குள் மூன்றாவது டம்ளர் நிரம்பிவிட்டது. நிரப்பியது இயக்குநரின் கை. அந்தக் கை கொடுத்ததை வேண்டாம் என்று சொன்னவர்கள் யாரும் அந்தக் கட்டடத்தில் இல்லை. சொன்னவர்கள் வேறு கட்டடங்களுக்கு மாற்றலாகிப் போயிருந்தார்கள். நான்காவதில் நெஞ்சுக்குள் யாரோ தீக்குச்சி உரசினார்கள். முத்திரைக்காரர் மெல்ல ஒரு விரலை உயர்த்தினார்.

"சந்தேகமெல்லாம் கடைசியில" என்றார் இயக்குநர்.

ஐந்தாவதில் துணை இயக்குநரைப் பரிதாபமாகப் பார்த்தார். துணை இயக்குநர் ஜன்னலைப் பார்த்தார். ஆறாவதில் பல்லெல்லாம் கூசியது. ஏழாவது டம்ளரை ஊற்றி முடித்தபோது ஜக்கு காலி. இயக்குநர் அதைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினார். ஒரு சொட்டு விழுந்தது. அதையும் முத்திரைக்காரர் குடித்தார்.

"பார்த்தீங்களா! தானா நின்னுருச்சு. நாம யாரும் நிறுத்தல. இதுதான் இயற்கையோட கணக்கு!" என்றார் இயக்குநர், கண் கலங்க. முத்திரைக்காரருக்கும் கண் கலங்கியிருந்தது. அதைத் தேசபக்தி என்று எழுதிக்கொண்டார்கள்.

ஒரு மிதம் என்பது ஏழு டம்ளர் என்று அரசாணை வந்தது.

பாராட்டு விழாவில் பானக் கம்பெனி முதலாளி மைக்கைப் பிடித்தார். "உண்மையைச் சொல்றேன். ஒரு டம்ளரே ஜாஸ்திதான்னு இத்தனை நாளா நாங்க நினைச்சிட்டிருந்தோம். எங்க வீட்டுல பிள்ளைங்களுக்கு நான் அதுகூடக் கொடுக்கிறதில்ல. எங்க அறியாமையைத் துறை போக்கிருச்சு. இதுக்கு நாங்க எவ்வளவு கைம்மாறு செஞ்சாலும் தகும், செஞ்சுக்கிட்டும் இருக்கோம்" என்றார். கடைசிப் பகுதியைக் கேட்டு இயக்குநர் கொஞ்சம் செருமினார்.

பாட்டில்களின் முதுகில் இருந்த பொடி எழுத்து முகத்துக்கு வந்து பெரிய எழுத்தாயிற்று: "தினம் ஒரு மிதம் (ஏழு டம்ளர்) குடிக்கவும்." ஆய்வாளர்கள் சிற்றுண்டிக் கடைகளுக்குள் புகுந்தார்கள். ஒரு டம்ளர் மட்டும் விற்ற கடைக்காரர்மேல் அளவு குறைத்து விற்றதாக வழக்கு. பாதி டம்ளரில் எழுந்து போன வாடிக்கையாளரைத் தெருமுனைவரை துரத்திப் பிடித்து, மீதியைக் குடிக்க வைத்துவிட்டுத்தான் விட்டார்கள்.

நெஞ்செரிகிறது, வயிறு உப்புகிறது, பல் கூசுகிறது என்று புகார்கள் வந்து குவிந்தன. எல்லாவற்றுக்கும் துணை இயக்குநர் ஒரே பதிலை அனுப்பினார்: "மாதிரி மனிதருக்கு எரிச்சல் இல்லை. ஆகவே தங்களுக்கு ஏற்படும் எரிச்சல் தங்கள் வயிற்றின் பிழையே. வயிற்றைச் சரிசெய்துகொண்டு மீண்டும் முயலவும்."

பதில் அனுப்புவதற்கு முன் விசாரிக்காமல் இல்லை. இயக்குநரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முறைப்படி விசாரித்தார்.

"உனக்கு எரியுதா?"

முத்திரைக்காரருக்குத் தொண்டைவரை எரிந்தது. இயக்குநர் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க சார்."

எரியத்தான் செய்தது. மாதிரி கெட்டுவிடாமல் இருக்கிறதா என்று வாராவாரம் ஏழு டம்ளரையும் மறுபடி குடிக்கக் கொடுத்தார்கள், அதுவும் வெறும் வயிற்றில். சாப்பாடு இருந்தால் கணக்கு கலங்கிவிடுமாம். குடித்து முடித்த கையோடு பல்லில் படிவு நிற்கக் கூடாது என்று துணை இயக்குநர் கெட்டியான பிரஷ் ஒன்றைக் கொடுத்துத் தேய்க்கச் சொல்வார். தேய்த்துத் தேய்த்து, தண்ணீர் பட்டாலே பல் துள்ளுகிற நிலைமை வந்ததும் முத்திரைக்காரர் ஒரு பல் டாக்டரிடம் போனார்.

டாக்டரம்மா வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு முகமூடியைக் கழற்றினார்.

"என்னங்க குடிக்கிறீங்க?"

சொன்னார்.

"ஏழு டம்ளரா! புளிப்புல ஊறின பல்லு கொஞ்ச நேரத்துக்கு இளகி இருக்கும். அந்த நேரம் பார்த்துத் தேய்ச்சா மேல்பூச்சு உரிஞ்சு வந்துரும். குடிக்கவே கூடாதுன்னு நான் சொல்லல. ஆசையா இருந்தா அரை டம்ளர் குடிங்க. தண்ணி கலந்துக்குங்க. சாப்பாட்டோட குடிங்க. குடிச்சதும் வெறும் தண்ணியில வாயைக் கொப்பளிங்க, பிரஷ்ஷை அரை மணி நேரம் தொடாதீங்க. எரிஞ்சா நிறுத்திருங்க. அவ்வளவுதான், இதுல என்ன பெரிய சட்டம்?"

"சட்டம் ஏழு டம்ளர்னு சொல்லுதுங்களே டாக்டர்."

"யாரு குடிச்சுப் பார்த்துச் சொன்னா இதை?"

முத்திரைக்காரர் வாயை மூடிக்கொண்டார். டாக்டரம்மா இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்று திறக்கச் சொன்னார்.

இதுவரை கெட்டது அவர் வயிறும் அவர் பல்லும்தான். சொந்த வயிறு எரிவதை மனிதன் எப்படியோ பொறுத்துக்கொள்கிறான். அன்று மாலை வீட்டுக்குப் போனபோது மனைவி சுருண்டு படுத்திருந்தார். பக்கத்தில் பாட்டில்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. நானும் ஒரு வாரமா இந்த மிதம் குடிச்சுப் பார்க்கிறேன். மூணாவது டம்ளருக்கு மேல இறங்க மாட்டேங்குது. நெஞ்சு பத்தி எரியுது, சாப்பாடு பிடிக்கல."

"அப்ப எதுக்குக் குடிக்கிறே?"

"எங்க அச்சகத்துலதானே இந்த லேபிள் ஓடுது. கட்டுக் கட்டா நான்தான் அடுக்கினேன். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி மூணு பேரு படிச்சுப் பார்க்கிறாங்க, தெரியுமா? ஒரு புள்ளி தப்பா வராது. ஊரே ஏழு குடிக்குது. எனக்கு மூணுலயே இப்படி ஆகுதுன்னா கோளாறு என் உடம்புலதான் இருக்கு." பாட்டிலைத் தள்ளி வைத்தார். "பெரிய வியாதி ஏதாவது இருக்குமோன்னு பயமா இருக்குங்க."

முத்திரைக்காரருக்குச் சுரீர் என்றது. நாட்டில் எத்தனை வீட்டில் எத்தனை பேர் இப்படிச் சுருண்டு படுத்துக்கொண்டு தங்கள் உடம்பைத் தாங்களே சந்தேகப்படுகிறார்களோ! எல்லாம் எதனால்? ஒரு சொல் அவர் வாயிலிருந்து வராததால்.

"உன் உடம்புல ஒண்ணும் இல்ல" என்றார். "அந்த ஏழு, நான் குடிச்ச ஏழுதானே. எனக்கும் ரெண்டுலயே போதும்னுதான் இருந்துச்சு. இயக்குநர் ஊத்திக்கிட்டே இருந்தாரு. நான் சொல்லல."

மனைவி எழுந்து உட்கார்ந்தார்.

"சொல்லலையா? இந்த வீட்டுல நான் ரெண்டாவது கரண்டி வைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு தட்டை ரெண்டு கையாலயும் மறைப்பீங்களே, அந்தக் கையெல்லாம் அங்க எங்க போச்சு?"

"நீ இயக்குநர் இல்லையே" என்று முனகினார் முத்திரைக்காரர்.

மனைவிக்குக் கோபம் வந்தது. பிறகு கணவர் முகத்தைப் பார்த்துப் பாவமாகவும் இருந்தது. ஆனாலும் நம்பிக்கை முழுசாக வரவில்லை. "என்னைத் தேத்துறதுக்காகச் சொல்றீங்க. அச்சுல அப்படியெல்லாம் தப்பு வராதுங்க" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். புருஷன் வாயால் சொன்னது எங்கே, மூன்று பேர் படித்துப் பார்த்த லேபிள் எங்கே!

அந்த லேபிளை மாற்றாமல் மனைவியின் பயம் போகாது என்று முத்திரைக்காரருக்குப் புரிந்துவிட்டது. மாற்றுவதற்கு ஒரே வழிதான் உண்டு. ஆண்டு மறுசரிபார்ப்பு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவர் குடிப்பதுதான் புதிய மிதம்.

விழாவுக்கு இயக்குநருக்கும் மேலான செயலாளர் அம்மா வந்திருந்தார். செய்தியாளர்கள் வந்திருந்தார்கள். பானக் கம்பெனி முதலாளி தன் அன்பளிப்பாக ஒரு புதிய ஜக்கு கொண்டு வந்திருந்தார். அதை மேடைக்குத் தூக்கி வர இரண்டு ஆள் தேவைப்பட்டது.

"மிதம் வளர்ந்துக்கிட்டே இருக்கணும். வளராத மிதம் தேங்கின குட்டை" என்று பேசினார் இயக்குநர். "போன வருஷம் ஏழு டம்ளரோட நின்னதுக்கு நம்ம மாதிரி காரணம் இல்ல. ஜக்குதான் காரணம். இந்த வருஷம் அந்தத் தடை நீங்கிருச்சு."

ஜக்கைச் சாய்த்தார். டம்ளர் நிறைந்தது. முத்திரைக்காரர் வாங்கினார். குடித்தார். பாதியில் நிறுத்தினார். டம்ளரை மேஜைமேல் வைத்தார். இயக்குநர் பேசிக்கொண்டேதான் இருந்தார்; வாக்கியம் முடிகிற மாதிரி தெரியவில்லை. முத்திரைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் தட்டை மறைப்பதுபோல இரண்டு கையாலும் டம்ளரை மூடிக்கொண்டு, "போதும்!" என்றார்.

கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. மைக்கும் பக்கத்தில் இருந்தது. மண்டபம் முழுக்க அந்தப் "போதும்" இரண்டு தடவை கேட்டது.

இயக்குநர் ஜக்கோடு அப்படியே நின்றார். "என்ன சொன்னே?"

"போதுங்க சார்." டம்ளரிலிருந்து கையை எடுக்கவில்லை. "அரை டம்ளர் போதும். இதுக்கு மேல எரியுது. போன தடவையும் எரிஞ்சுதுங்க."

செய்தியாளர்கள் பேனாவைத் திறந்தார்கள். அதற்குள் துணை இயக்குநர் துறையைக் காப்பாற்றினார். "சார், இது மிதம் குறைஞ்சதில்ல. கருவி பழுதாயிருச்சு. பேச ஆரம்பிச்சிருச்சு பாருங்க" என்றார். மண்டபமே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. பழுதான கல்லை என்ன செய்ய வேண்டும் என்று விதியில் தெளிவாக இருக்கிறது. மேடையிலேயே முத்திரைக்காரரின் சட்டை முதுகில் "ரத்து" என்று முத்திரை குத்தி ஓரமாக நிறுத்தினார்கள். எத்தனையோ கற்களுக்கு அதே முத்திரையைக் குத்தியவர் அவர். இவ்வளவு சுகமாக இருக்கும் என்று எந்தக் கல்லும் அவரிடம் சொன்னதில்லை.

"அப்ப மிதம்?" என்று கேட்டார் செயலாளர் அம்மா. "இத்தனை பேரு வந்திருக்காங்க. நாட்டுல இப்ப மிதமே இல்லன்னு சொல்லி அனுப்ப முடியுமா? இன்னொரு ஆளை நிறுத்துங்க."

துணை இயக்குநர் அளவு நாடாவை எடுத்தார். அவர் பார்வை இயக்குநர்மேல் போய் நின்றது. எத்தனையோ வருடமாக இயக்குநர் பதவிக்குக் காத்திருக்கிறவர், விறுவிறுவென்று அளந்தார். "ஆச்சரியமா இருக்கும்மா! உயரம், எடை, இடுப்பு எல்லாம் அனுமதிச்ச வித்தியாசத்துக்குள்ளதான் வருது. எங்க சாரே பொருத்தமான மாதிரி."

"நானா? அதாவதும்மா, ஊத்துறதுக்குத் துறைத் தலைவர் வேணுமே, நான் மாதிரியா உட்கார்ந்தா…"

"அதுக்கென்ன, நான் ஊத்துறேன்" என்று செயலாளர் அம்மா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஜக்கை வாங்கினார். "உட்காருங்க."

இயக்குநர் உட்கார்ந்தார். அதிகாரிகள் சுவரோரமாக நின்றார்கள்.

முதல் டம்ளரை இயக்குநர் சிரித்துக்கொண்டே குடித்தார். இரண்டாவதில் சிரிப்பு உதட்டோடு நின்றது. செயலாளர் அம்மா துறையின் எதிர்காலம் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார். நல்ல நீளமான வாக்கியங்கள். மூன்றாவதில் இயக்குநர் வாயைத் திறந்தார், மூடினார். நான்காவதில் அவருடைய ஆள்காட்டி விரல் நாற்காலிக் கையிலிருந்து மெல்ல எழுந்தது.

"கேள்வியெல்லாம் அப்புறம்" என்றார் செயலாளர் அம்மா.

இயக்குநர் துணை இயக்குநரைப் பார்த்தார். துணை இயக்குநர் ஜன்னலைப் பார்த்தார். ஜக்கில் இன்னும் கால்வாசிகூடக் குறையவில்லை. ஓரத்தில் நின்ற முத்திரைக்காரருக்கு முதலில் சிரிப்பு வந்தது என்பதை மறைப்பானேன்? ஒரு டம்ளர் நேரம் நன்றாகவே அனுபவித்தார். அப்புறம் அந்த விரலைப் பார்த்தார். அந்த விரலை அவருக்குத் தெரியும். அது எந்த இடத்தில் எரிகிறது என்றும் தெரியும். ஐந்தாவது டம்ளர் நிரம்பத் தொடங்கியபோது அவரால் தாங்க முடியவில்லை. மேடைக்கு நடந்து போய் டம்ளரைக் கையால் மூடினார். பானம் அவர் விரலில் வழிந்தது.

"போதும்மா, நிறுத்துங்க. அவருக்குப் போதும். அவரால சொல்ல முடியாது."

"ஏன் முடியாது?"

"நீங்க ஊத்துறீங்களேம்மா."

செயலாளர் அம்மா ஜக்கைப் பார்த்தார், இயக்குநரைப் பார்த்தார். "அப்படியா?" என்று அவரையே கேட்டார்.

"இல்லீங்கம்மா" என்றார் இயக்குநர், கண்ணில் தண்ணீர் ஓட.

செய்தியாளர் ஒருவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் மண்டபத்தை நிறுத்த முடியவில்லை. செயலாளர் அம்மா ஜக்கைக் கீழே வைத்துவிட்டு, அவசர வேலை இருப்பதாகக் கிளம்பினார். பானக் கம்பெனி முதலாளி தன் ஜக்கைத் தானே தூக்கிக்கொண்டு போனார். இரண்டாவது ஆள் தேவைப்படவில்லை.

முத்திரைக்காரர் கைகழுவும் இடத்துக்குப் போனபோது அங்கே இயக்குநர் குழாயைத் திறந்துவிட்டு, துணை இயக்குநரின் கெட்டி பிரஷ்ஷைக் கையில் வைத்திருந்தார்.

"அதைப் போடாதீங்க சார். பல்லு இளகி இருக்கும். வெறும் தண்ணியில கொப்பளிங்க, அரை மணி நேரம் கழிச்சுத் தேய்ச்சுக்கலாம்."

இயக்குநர் கொப்பளித்தார். கண்ணாடியில் தெரிந்த முத்திரைக்காரரைப் பார்த்துக் கேட்டார். "எனக்காக வந்து சொன்னியே, அதை ரெண்டாவது டம்ளர்லயே சொல்லியிருக்கக் கூடாதாய்யா?"

"மனசு வரலீங்க சார்" என்றார் முத்திரைக்காரர், உள்ளதை உள்ளபடி.

துறை தவறு செய்ததாக ஒப்புக்கொண்டதே இல்லை, அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. ஏற்கனவே வெளியான ஆணைக்கு ஒரு சிறு தெளிவுரை மட்டும் வந்தது. அச்சகத்தில் மூன்று பேர் படித்துப் பார்த்து, புள்ளி பிசகாமல், புதிய லேபிள் ஓடியது. அதில் ஒன்றை மனைவி வீட்டுக்குக் கொண்டு வந்து, சாப்பாட்டு மேஜையில் விரித்து, விரல் வைத்து வாசித்தார்.

"ஒரு மிதம் என்பது, மேலதிகாரி ஊற்றாத பட்சத்தில், தண்ணீர் கலந்து அரை டம்ளர். உணவோடு மட்டும். எரிந்தால் நிறுத்தவும்."

இரண்டாம் தடவையும் வாசித்தார். முத்திரைக்காரர் பழையபடி கீழ்த்தளத்துக்குத் திரும்பிவிட்டார், இனி முடியைச் சுமக்க வேண்டாம், பல்லும் பரவாயில்லை. அதையெல்லாம் சொல்ல வாயெடுத்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவர் லேபிளைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கண் நிறைந்திருந்தது.

"அப்ப என் உடம்பு நல்லாத்தான் இருந்திருக்கு, இல்லீங்க?" என்றார்.